ஒரே பக்கம் பார்த்த இரண்டு மயில்கள்

பேட்டை,
சனிக்கிழமை காலை.

அன்பும் அறிவும் (அறிவு நம்ம வீட்டு வழி, உன் அப்பா வீட்டு வழி அல்ல) நிறைந்த மருமகன் சிவகணேசுக்கு, தாய்மாமன் சங்கரசுப்பிரமணியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும், என் வலது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் யாவும் சௌக்கியம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று பார்க்காமலே நம்புகிறேன், ஏனென்றால் தினமும் நான் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கு நீ பதில் போட்டு ஏழு மாதம் ஆகிறது. அதனால்தான் தபாலில் வருகிறேன். தபாலை மியூட் பண்ண முடியாது.

உன் அம்மை ஞானம்பாள் போனில் இரண்டு வாக்கியம் சொன்னாள், மீதி இருபது வாக்கியத்தை நானே புரிந்துகொண்டேன். (அவள் ஏதோ உன்மேல் கோபமாக இருக்கிறாள், அதை நான் சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன், நீ கவலைப்படாதே.) சென்னை ஆபீசில் உனக்குக் கீழே இருக்கிற பதினோரு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம், பக்கத்து நாற்காலிக்காரனுக்கே மெயில் அனுப்புகிறார்களாம், இதைச் சரிசெய்யப் பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சிக்காரரை வரவழைத்து எல்லோர் கையிலும் பந்தைக் கொடுத்து விளையாட வைக்கப் போகிறாயாம். வேண்டாம் மருமகனே. சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் சேருகிற இடம் வரைக்கும் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் வாத்தியார்களிடம் சொல்லிக்கொடுக்க மேற்கொண்டு சரக்கு இல்லாமல் போனதால்தான் நின்றேன் என்பது ஊருக்கே தெரியும்.

நான் சூப்பர்வைசராக இருக்கும் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறோம். முதலாளி மகேஸ்வரன் பெயருக்கு முதலாளி, பட்டறையின் மூளை நான். எனக்குக் கீழே இரண்டு பேர், வெல்டிங் கொம்பையா, கட்டிங் பெருமாள்ராஜ். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், ஆனால் மூன்று வருசமாகப் பேச்சு இல்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் எல்லோருமாகப் பாபநாசம் போனோம். கொம்பையா வேட்டியை அவிழ்த்துப் பெருமாள்ராஜ் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான், ஒரு குரங்கு வந்து அந்த வேட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கொம்பையா துண்டோடு பஸ்ஸில் பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். அவ்வளவுதான் சண்டை. அன்றைக்கு அவன் சொன்னதெல்லாம் "பாத்துப் பிடிச்சிருக்கலாம்" என்ற ஒரே ஒரு சொல்தான். அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னால் சப்பென்று இருக்குமே என்று நான்தான் கொஞ்சம் தாளித்துப் பெருமாள்ராஜிடம் சொன்னேன்.

அதிலிருந்து ஒருவன் மற்றவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மூலையில் இருக்கும் டிரில்லிங் மெஷினைப் பார்த்துத்தான் சொல்வான். "ஏ மெஷினே, நாலடிப் பைப்பு எங்கன இருக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கொம்பையா கேட்பான். "மெஷினே, கண்ணு இருக்கவங்க செவுத்தோரம் பாத்துக்கிடலாம்னு சொல்லு" என்பான் பெருமாள்ராஜ். நுணுக்கமான விஷயங்களுக்கு மெஷின் போதாது, அவற்றை நான் எடுத்துப் போவேன். ஒருவன் மூலையிலிருந்து மற்றவன் மூலைக்கு இருபது காலடி நடை. அந்த இருபது காலடியில் ஒரு செய்தி என்னவெல்லாம் வளரும் என்பது அனுபவப்பட்டவனுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது திசையன்விளையில் முருங்கைக்காய் மொத்த வியாபாரம் செய்கிற முத்துராணி அம்மாள் புது வீட்டுக்கு ஒரு கேட் சொன்னார்கள். இரண்டு கதவு, கதவுக்கு ஒரு தகட்டு மயில், கேட்டைச் சாத்தினால் இரண்டு மயிலும் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடியலில் பால் காய்ப்பு. அவசரம் என்று கொம்பையாவுக்கு ஒரு கதவு, பெருமாள்ராஜுக்கு ஒரு கதவு என்று பிரித்துக் கொடுத்தேன். "அவன் மயிலு எந்தப் பக்கம் பாக்குன்னு கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி" என்றான் பெருமாள்ராஜ். போனேன். "வலது பக்கம் பாக்கு, அவன் மயில இடது பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க" என்றான் கொம்பையா. திரும்பி வந்து, "ஏலே, ஒனக்கு மயிலுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதாம்லே, நீ வெட்டுனா அதுக்குத் தவிடுதான் வைக்கணுமாம்" என்று சொன்னேன். பேச்சு சுவாரசியத்தில் வலது இடது என்பது மட்டும் விட்டுப்போயிற்று. சின்ன விஷயம்தானே. பெருமாள்ராஜுக்கு ரோசம் வந்துவிட்டது. "அவன் மயிலயே அச்சு எடுத்தாப்ல வெட்டிக் காட்டுதேன் பாரும்வே" என்று, இரண்டு பேருக்கும் நான் கொடுத்திருந்த ஒரே மயில் படத்தைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டான். ஒருவன் மூலைக்கு இன்னொருவன் போவதில்லை. நான் இரண்டு மூலைக்கும் போனேன், தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் லட்சணமாகத்தான் இருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் திசையன்விளையில் கேட்டை நிறுத்திச் சாத்தினோம். ஒரு மயில் மற்றதன் முதுகைப் பார்த்தது. முதுகைக் காட்டிய மயில் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தது. முத்துராணி அம்மாள் இடுப்பில் கையை வைத்தார்கள். "என்ன அண்ணாச்சி இது? எம் மவளும் மருமவனும் குடியேறப் போற வீடு. வாசல்லயே ஒண்ணு கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி நிக்கி! நாளைக்குப் பால் பொங்கதுக்குள்ள ரெண்டும் மூஞ்சியப் பாக்கணும், இல்லன்னா தூக்கிட்டுப் போங்க." முதலாளிக்குப் போன் போயிற்று. "அண்ணாச்சி, விடியக்குள்ள அது சரியாகலன்னா, திங்கக்கிழம நீங்க பட்டறைக்கு வரவேண்டாம்" என்றார். முப்பத்தோரு வருச வேலை, மருமகனே. உன் அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

அங்கேதான் என் ராஜதந்திரம். நான் வாயைத் திறக்கவே இல்லை. பேட்டையிலிருந்து வரும்போது லோடு வண்டி டிரைவருக்கு என் வாழ்க்கை வரலாற்றை எதிர்காற்றில் கத்திச் சொல்லிக்கொண்டே வந்ததில் தொண்டை அடைத்துப்போனது உண்மைதான், ஆனால் மௌனம் மௌனம்தானே. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. டிரில்லிங் மெஷின் பேட்டையில் இருக்கிறது. பெருமாள்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். கொம்பையா தரையைப் பார்த்தான். பைய நிமிர்ந்து, "லே பெருமாளு, அந்தக் கட்டர எடு. என் மயிலு இருக்கட்டும், ஒன்னதப் பேத்துத் திருப்பி வைப்போம்" என்றான். மூன்று வருசத்தில் முதல் வார்த்தை! "எடுத்துட்டேன்வே, நீரு அந்தப் பக்கம் பிடியும்" என்றான் அவன். பொழுது அடையுமுன் மயில் திரும்பிவிட்டது, உரசி, பெயிண்டும் அடித்தாயிற்று. முத்துராணி அம்மாள் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். பெயிண்ட் நெடி என்று சொன்னது சபைக்காக. திரும்பி வரும்போது இரண்டு பேரும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பேட்டை வரைக்கும் பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. முன்னால் இருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஆனால் பெற்ற பிள்ளைக்குக் கல்யாணம் செய்துவைத்த மாதிரி இருந்தது.

ஆகவே பெங்களூர்க்காரரை நிறுத்து. உன் ஆபீசில் மெயிலை எல்லாம் மூடு. பதினோரு பேருக்கும் நடுவில் விவரம் தெரிந்த ஒரு பெரிய ஆளை உட்கார வை, எல்லாம் அவர் வழியாகப் போகட்டும், வரட்டும். அந்த ஆளைத் தேடி அலைய வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரசில் கீழ்ப் படுக்கை போட்டுவிடு, ஏசி எனக்கு ஆகாது, ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போதும்.

நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உன்னை மேனேஜராக்கி, அதற்கு மேலும் ஏதாவது இருந்தால் அதுவும் ஆக்குவார்களாக. உன் ஆபீசில் உள்ள எல்லோரையும், பேசுகிறவர்களையும் பேசாதவர்களையும், கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு, உன் உயர்வுக்கென்றே பிறந்த மாமா,
சங்கரசுப்பிரமணியன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. இன்று திங்கள். வண்டியின் பின்னால் அவர்கள் பேசியது என்னவென்று டீக்கடைப் பேச்சில் இப்போது தெரிகிறது. "வேட்டிய நான் வேணும்னே கொரங்குக்குக் குடுத்தேன்னு நீரு சொன்னீராமே?" என்று பெருமாள்ராஜ். "நான் எங்கலே சொன்னேன்? நீதான் என் வெல்டிங்க அப்பளம்னியாம்" என்று கொம்பையா. இப்படி மூன்று வருசத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், இருவரில் ஒருவனாவது உண்மையில் சொன்னதாக ஒன்றும் மிஞ்சவில்லை. காலையில் பட்டறைக்குப் போனேன். இரண்டு பேரும் தோளில் கை போட்டு நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொம்பையா டிரில்லிங் மெஷின் பக்கம் திரும்பி, "ஏ மெஷினே, செல பேரு இனிம வரவேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாருன்னு அவுகட்டச் சொல்லிரு" என்றான். மெஷின் சொல்வதற்குள் நானே புரிந்துகொண்டேன். ஆகவே டிக்கெட்டை இந்த வாரமே போடு.

இன்னொன்று. தீபாவளிக்கு ஊருக்கு வரமுடியாது, லீவு இல்லை என்று போன மாதம் போனில் சொன்னாயே, அதை உன் அம்மையிடம் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். நீ பாட்டுக்கு அவளுக்கு நேரே போன் போட்டுவிடாதே. எதுவானாலும் எனக்கு எழுது, நான் சொல்லிக்கொள்கிறேன்.