காணாமல் போன தொள்ளாயிரம் டன்

ஸ்பெயினில் குப்பை குறைந்துவிட்டது என்பதால் வீரமுத்துவுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஜோகூர் பாருவில் அவர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் அறிக்கைகள் வரும். எவ்வளவு புகை விட்டார்கள், எவ்வளவு கழிவு சேர்த்தார்கள் என்பதைச் சரிபார்த்து, நாடுவாரியாக வரைபடம் போட்டு அனுப்ப வேண்டும். அதில் ஸ்பெயின் நாட்டு பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்று, போன வருடம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டன் கழிவு காட்டியிருந்தது. இந்த வருடம் பன்னிரண்டு.

"மேடம், தொள்ளாயிரம் டன்னைத் திருடிட்டாங்க" என்றார் மேலாளர் ஷாமளாவிடம்.

"குப்பையை யாரு திருடுவா? அனுப்பி விடுங்க லா."

அனுப்ப மனம் வரவில்லை. வீரமுத்து சந்தேகப் பிராணி. ரொட்டி சானாய் வாங்கினால்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். உலகத்தில் அவர் நம்பியது ஒரே ஆளை: மனைவியின் தம்பி மணியம். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியன்று, ஏதோ புது பிசினஸ் என்று மணியம் நீட்டிய நான்கு தாள்களில், அதிரசத்தைக் கடித்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மச்சான் நீட்டும் தாளை உட்கார்ந்து படித்தால் அப்புறம் வீட்டில் யார் சோறு போடுவது?

ஆகவே தொழிற்சாலைக்கே நேரடியாக மின்னஞ்சல் போட்டார்: 'மீதியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?'

மறுநாள் ஷாமளா கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"ஒளிச்சு வச்சீங்களான்னா கேட்டீங்க? தலைமை அலுவலகம் வரைக்கும் புகார் போயிருச்சு! உங்களை நிரந்தரமாக்குற கடிதம் என் மேசையில இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் வரலன்னா, கிழிச்சிருவேன்."

ஏழு வருட ஒப்பந்த வேலை. வீரமுத்து விட்டாரா? கப்பல் காகிதங்களைக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் தட்டினார். முந்நூறு பக்கம் வந்து விழுந்தது. மறுசுழற்சிக்காகக் கழிவை முறையாக ஏற்றுமதி செய்துவிட்டார்களாம். கடைசிப் பக்கத்தில் பெறுநர் முகவரி: கிரீன் பீகாக் டிரேடிங், செடெனாக், ஜோகூர்.

"அலமாக்! நம்ம ஊரு பேரையே போட்டு ஏமாத்துறான்!"

குளாய் ஊரில் லாரி ஓட்டும் மணியத்துக்குப் போன் போட்டார். செடெனாக் பக்கத்தில்தானே, போய்ப் பார்த்துச் சொல்லட்டும்.

"என்ன கம்பெனி மாமா?" என்ற மணியத்தின் குரல் கொஞ்சம் கம்மியது.

"கிரீன் பீகாக். பேரே சரியில்ல பாரு."

இரண்டே நிமிடத்தில் மணியம் திரும்ப அழைத்தான். "போய்ப் பாத்துட்டேன் மாமா. அங்க ஒண்ணும் இல்ல. வெறும் செம்பனை மரம். இந்த விஷயத்தை விட்டுடுங்க மாமா, உங்களுக்கு எதுக்கு வம்பு?"

இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்த மச்சானின் வேகத்தை எண்ணி வீரமுத்து பூரித்துப் போனார். மணியமே இல்லை என்று சொன்னால் இல்லைதான். போலி முகவரி!

அன்றே சுற்றுச்சூழல் இலாகாவுக்கு நான்கு பக்கப் புகார் எழுதினார். 'அந்தக் கம்பெனியின் டைரக்டர் யாராக இருந்தாலும் தயவுதாட்சணியம் பார்க்கக் கூடாது. குடும்பம் குட்டி என்று அழுதாலும் நம்ப வேண்டாம்' என்று கடைசி வரியில் அடிக்கோடு வேறு.

வெள்ளிக்கிழமை காலை ஷாமளாவே எழுந்து வந்து கை கொடுத்தார். இலாகா அந்த முகவரியில் சோதனை போட்டதாம். செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே கூரை முட்ட ஸ்பெயின் பிளாஸ்டிக்.

"நீங்கதான் சரி, வீரமுத்து. இந்தாங்க, உங்க கடிதம்."

'பாவம் மணியம், கொட்டகையைக் கவனிக்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டே வீரமுத்து கடிதத்தை வாங்கினார். கண் கலங்கிவிட்டது. ஏழு வருடம்!

அப்போது வரவேற்பு மேசை லோஷினி கதவைத் தட்டினாள்.

"அண்ணே, இலாகாவிலேருந்து ரெண்டு பேரு வந்திருக்காங்க."

"பாராட்ட வந்திருப்பாங்க. புகார் கொடுத்தவர் இங்கதான் இருக்கார்னு சொல்லும்மா."

"புகார் கொடுத்தவரை அவங்க கேக்கலண்ணே. கிரீன் பீகாக் டைரக்டரைக் கூப்பிடச் சொல்றாங்க. காகிதத்துல உங்க பேரு, உங்க அடையாள அட்டை ஐசி நம்பரு, கையெழுத்துக்குப் பக்கத்துல ஏதோ எண்ணெய்க் கறை."