மூன்றாம் மாடி முன்னோடி

எந்தக் கை வலிக்க வேண்டும் என்பதை லிஃப்ட் மெக்கானிக் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அந்தச் சிக்கலே உறைத்தது.

அதற்குள் மனைவி கதவைத் திறந்துவிட்டாள்.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

"எந்தக் கையில?"

"இடது," என்றவர், சொன்ன கையோடு அதே இடது கையால் கருவிப் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு ஞாபகம் வந்து, "ஸ்ஸ்..." என்று முகத்தைச் சுளித்தார்.

உண்மையில் அவர் போனது பள்ளிக்கூட கேட் வரைக்கும்தான். அந்த வட்டாரத்துக்கே தடுப்பூசி போடும் இடம் அது ஒன்றுதான். வரிசையில் முன்னால் நாலே பேர். அந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவருக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவர், ஊசி போட்ட மூன்றாம் நாள் குளியலறையில் சுருண்டு விழுந்துவிட்டாராம். மெக்கானிக் ஆறு மாடிப் பள்ளத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். அந்த நாலு பேருக்குப் பின்னால் அவரால் நிற்க முடியவில்லை.

திரும்பி வந்தவர் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவிக்கு மூச்சிழுப்பு உண்டு. இவரோ நாள் முழுக்கப் பத்துக் கட்டடம் ஏறி இறங்கிவிட்டு வருகிறவர். போன மாதம் ஐந்தாம் மாடி வயலின் வாத்தியாரைக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தபோது, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. வாத்தியாரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து மெக்கானிக்தான் முன்னால் பிடித்து இறக்கினார். "மெதுவா, மெதுவா. உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்று வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அதன் பிறகு நாற்காலி மட்டும்தான் மாடி ஏறியது.

அதனால் ஊசி வந்த நாளிலிருந்து மனைவிக்கு ஒரே பேச்சு. "முதல்ல நீங்க போட்டுக்குங்க. அப்புறம் நான் போட்டுக்குறேன்."

'ஆச்சு' என்றதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபின், இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குப் போய்ப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

விடிவதற்குள் விஷயம் ஆறு மாடியும் ஏறி இறங்கிவிட்டது. காலையில் முதல் ஆளாக வந்து நின்றவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"தம்பி, ஊசி எப்படி இருந்தது?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் சார்."

"காய்ச்சல்?"

"லேசா."

"லேசான்னா எவ்வளவு? எத்தனை மணிக்கு வந்துது? குளிர் இருந்துதா?"

ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது மெக்கானிக்குக்கு. "ஒண்ணுமே இல்ல சார்! பயப்படாம எல்லாரும் போய்ப் போட்டுக்குங்க!"

அதுதான் வினையாகப் போயிற்று. மத்தியானத்துக்குள் லிஃப்டுக்குள்ளே அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. 'நமது மூன்றாம் மாடி மெக்கானிக் தடுப்பூசி போட்டுக்கொண்டு நலமாக உள்ளார். இந்த முன்னோடியை அனைவரும் பின்பற்றவும்.'

இனி எந்த முகத்தோடு அந்த வரிசையில் போய் நிற்பது? பின்னாலேயே எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றால்?

நாலு நாள் கழித்து, செயலாளர் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடமாடினார். அடுத்து நாலாம் மாடித் தையல்காரம்மா நொண்டிக்கொண்டே லிஃப்டில் ஏறினார்.

"ஊசி கையிலதானேக்கா போடுவாங்க?"

"எனக்கு வலி இறங்கிடுச்சுப்பா."

தினமும் இரண்டு வீடு, மூன்று வீடு என்று முனகல் கேட்டது. கடைசியில் ஒரு நாள், மனைவி தலை வாரிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"உனக்கு இழுப்பு இருக்கேம்மா. டாக்டரை ஒரு வார்த்தை..."

"கேட்டாச்சு. தாராளமாப் போட்டுக்கலாம்னுட்டாரு. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

அவள் திரும்பி வரும்வரை ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூச்சு சீராக வருகிறதா என்று முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் ஊசி அல்ல, தன் பொய்தான் என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"ரொம்ப வலிக்குதா?" என்றுதான் வந்தது.

"உங்களுக்கு எப்படி வலிச்சுதோ, அப்படித்தான்," என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

அந்த மாதக் கடைசியில் கட்டடமே தைரியமாகிவிட்டது. முகக்கவசங்கள் எல்லாம் கொடியில் காய்ந்தன. நாலு பேர் ஏற வேண்டிய லிஃப்டில் ஏழு பேர் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் எல்லாருக்கும் தேநீர் என்றார் செயலாளர். தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தில், மெக்கானிக் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசம் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"முன்னோடிக்கே பயமா?" என்று செயலாளர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "தூசி," என்றார்.

அப்போதுதான் வயலின் வாத்தியாரின் மனைவி மெல்ல நடந்து மெக்கானிக்கிடம் வந்தார். வாத்தியார் போனதற்குப் பிறகு அந்த அம்மாள் கதவைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு இன்னும் போடல தம்பி. உடம்பு தேறட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க எல்லாரும் போட்டுட்டீங்களே, அந்த தைரியத்துலதான் வெளியே வந்தேன். அதுக்கு நீங்கதான் காரணமாம்." அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அவர் இருந்தப்பவே இது வந்திருக்கக் கூடாதா?"

மெக்கானிக்குக்குக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை. இத்தனை பேர் நடுவில் நஞ்சு நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டார். யார் விழுந்தாலும் அது என்னால்தான்.

மறுநாள் காலை போனை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். யார் பார்த்தால் என்ன என்று வரிசையில் நிமிர்ந்து நின்றார். யாருமே பார்க்கவில்லை. ஊசி உள்ளே போனதே தெரியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நிற்காமல் வந்தது.

"வலிக்குதா அண்ணா?" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா. ஊருக்கெல்லாம் போட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன். என்னை நம்பி எங்க பில்டிங்ல அத்தனை பேரும் வந்து போட்டுக்கிட்டாங்க. நான்தாம்மா கடைசி ஆளு."

நர்ஸ் விலாசத்தைக் கேட்டாள். சொன்னார். எழுதப்போனவள் நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பதிவேட்டை முதல் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"கடைசியா? உங்க பில்டிங்லேருந்து வந்த முதல் ஆளே நீங்கதாண்ணா."