சிவப்பு நூலும் வெள்ளை நூலும்

மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை லிபாவெட்ஸ் நகராட்சிக் கூட்ட அறைக்கு வந்திருந்தவர்கள் விவரம்: துணை மேயர் கராகோலெவ். பசுமைப் பிரிவு ஆய்வாளர் ஸொன்கா அம்மையார். தலைநகரிலிருந்து வந்த மரநல நிபுணர் டாக்டர் வெலிச்கோவ். அவருடைய கருவிப் பெட்டி. அதற்குத் தனி நாற்காலி. லாரி ஓட்டுநர் மின்ச்சோ. நகராட்சி மரங்களில் ஏறிக் கிளை கழிக்கும் ராடோய், வயது அறுபத்திரண்டு. ஆக ஐந்து பேர், ஒரு பெட்டி. சன்னலுக்கு வெளியே சதுக்கத்தில் நிழலும் தேநீருக்குப் பூவும் தருகிற முப்பத்தொரு லிபா மரங்கள் நின்றிருந்தன. கூட்டம் அவற்றைப் பற்றியதுதான் என்றாலும் அவற்றுக்கு அழைப்பு இல்லை.

இதையெல்லாம் எண்ணி வைத்தவர் ராடோய். நாலு பேர் நடுவே பேச வேண்டியிருந்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் எதையாவது எண்ணத் தொடங்கிவிடுவார். அறுபத்திரண்டு வயதில் அவர் பேசியது கொஞ்சம், எண்ணியது ஏராளம்.

‘மரப் பராமரிப்புத் தொழிலின் அன்றாடச் சவால்களும் சாத்தியமான மேம்பாடுகளும்’ என்று பலகையில் எழுதியிருந்தது. துணை மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ராடோய், முதல்ல நீங்க சொல்லுங்க. உங்க சவால் என்ன?”

ராடோய் சன்னல் கண்ணாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மின்ச்சோ மேசைக்கடியில் அவர் காலை மிதித்தான். “அண்ணே, கயிறு! கயித்தைச் சொல்லு!”

“கயிறு சார்,” என்றார் ராடோய். “மரம் ஏறுற கயிறு. ஓரிடத்துல நைஞ்சிருக்கு. புதுசு ஒண்ணு வேணும்.”

“எவ்வளவு நாளா நைஞ்சிருக்கு?”

“மூணு வருஷமா சார்.”

“மூணு வருஷமா அதுலதான் ஏறுறீங்களா?”

“ஆமா சார்.”

“விழுந்திருக்கீங்களா?”

“இல்ல சார்.”

துணை மேயர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “அப்போ கயிறு நல்லாத்தானே இருக்கு?”

விழுந்திருந்தால் நிரூபித்திருக்கலாம். விழாமல் போனது தன் தவறுதான் என்று ராடோய்க்கே தோன்றிவிட்டது.

டாக்டர் வெலிச்கோவ் பெட்டியைத் தடவிக்கொண்டே எழுந்தார். “கயிறு தேய்வது ஒரு அறிகுறி மட்டுமே. நோய் வேறு. எந்த மரத்தை வெட்ட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று இவருக்குத் தெரிவதில்லை. ஆகவே எல்லா மரத்திலும் ஏறுகிறார். ஆகவே கயிறு தேய்கிறது. மரங்களுக்கு அடையாளமிட்டால் ஏறுவது குறையும், கயிறு தானாகவே புதிதாகிவிடும்.”

“தானாவேவா?” என்றான் மின்ச்சோ.

“ஒப்பீட்டளவில்,” என்றார் டாக்டர்.

அடையாள முறையையும் அவரே தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்பு நூல், காக்க வேண்டிய மரத்துக்கு வெள்ளை நூல். ஒருமுறை கட்டிய நூலை எவரும் எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்க்க அனுமதித்தால் ஆளாளுக்கு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக் கட்டிவிடுவார்கள்.

ஸொன்கா அம்மையார் ஒரு சந்தேகம் கேட்டார். “நூலை எந்தச் செலவுத் தலைப்புல வாங்கறது சார்? ‘கயிறு, நூல், அவை சார்ந்த பொருட்கள்’னு ஒரே தலைப்புதான் இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணுதான் வாங்கலாம்.”

“நூல் வாங்குங்க,” என்றார் துணை மேயர். “ராடோய் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதானே?”

ராடோய் தலையைக் குனிந்துகொண்டார். அது சம்மதமாகப் பதிவானது.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஐந்து கைகள் உயர்ந்தன. ஐந்து மணிக்கட்டுகளிலும் மார்தெனிட்சா இருந்தது. மார்ச் முதல் தேதி ஊரில் பிறந்த குழந்தை முதல் பாதிரியார் வரை கட்டிக்கொள்கிற, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் அது. நாரை வருகிற அன்று அதைக் கழற்றி, மொட்டு விட்ட மரத்தில் கட்டிவிட்டால் வருஷம் முழுக்க உடம்புக்கு ஒன்றும் வராது. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அந்த அறையில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ராடோய் உயர்ந்த கைகளை எண்ணினார். மணிக்கட்டுகளைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சோதனை நடந்தது. டாக்டர் ஒவ்வொரு மரத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டுவார், பெட்டி ஒரு சத்தம் போடும், டாக்டர் தலையசைப்பார். இதற்கிடையே சதுக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ராடோயின் காதைக் கடித்தார்கள். காப்பிக் கடை ரய்னா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஒரு தட்டோடு வந்தாள்.

“ராடோய் அண்ணே, சூடா இருக்கு, சாப்பிடுங்க. அந்த ஏழாவது மரம் என் கடைப் பலகையை மறைக்குது. லேசா, மேலாக்க, யாருக்கும் தெரியாம…”

மருந்துக்கடைக்காரருக்குத் தன் கார்மேல் காக்கை எச்சமிடாத மரம் வேண்டும். பள்ளி ஆசிரியருக்குத் தன் மச்சானின் புதுக் கூரையைத் தினம் பார்த்து வயிறெரிய வழி வேண்டும். நடுவில் மூன்று கிளைகள் நின்றன. மரத்தை வெட்டச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் மரம் பிடிக்கும். அதன் மேல்பக்கம்தான் பிடிக்காது.

ராடோய் எல்லோரிடமும் “பார்க்கலாம்” என்றார். இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

பெட்டி தீர்ப்புச் சொன்னது: முப்பத்தொன்றும் ஆரோக்கியம். முப்பத்தொன்றுக்கும் வெள்ளை நூல் கட்டப்பட்டது. மிஞ்சிய ஒரு துண்டு வெள்ளை நூலை வீணாக்க மனமில்லாமல் ராடோய் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மரத்திலும் ஏற வேண்டாம், நைந்த கயிறும் பத்திரம், தானும் பத்திரம். இவ்வளவு நல்ல மேம்பாட்டை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மறுவாரம் குளியல் மண்டபப் புகைக்கூண்டின்மேல் நாரை வந்து உட்கார்ந்தது.

ஊரே சதுக்கத்துக்கு ஓடிவந்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மணிக்கட்டு நூலைக் கழற்றி லிபா மரங்களில் கட்டினார்கள். துணை மேயர் மனைவியோடு வந்து கட்டினார். ஸொன்கா அம்மையார் தனக்கும் தன் பூனைக்குமாக இரண்டு கட்டினார். ராடோய் வேலைக்குப் போகிற வழியில் ஏழாவது மரத்தில் கட்டினார். கயிற்றோடு பழகியவர் என்பதால் இரட்டை முடிச்சு.

மறுநாள் காலை ஸொன்கா அம்மையார் அலுவலகத்துக்கு வந்து, ஆய்வாளரின் கண்ணோடு சன்னல் வழியே பார்த்துவிட்டு அலறினார்.

அவசரக் கூட்டம் கூடியது. டாக்டர் மட்டும் தலைநகரிலிருந்து தொலைபேசியில்.

“எல்லா மரத்துலயும் சிவப்பு இருக்கு சார்!”

“வெள்ளையும் இருக்கில்ல?”

“அதுவும் இருக்கு.”

“இது மார்தெனிட்சாங்க,” என்றான் மின்ச்சோ. “நாமளே கட்டினது.”

“யார் கட்டினதுன்னு விதியில இல்ல,” என்றார் துணை மேயர். “நூலோட நிறம் மட்டும்தான் இருக்கு.”

“அப்போ அவிழ்த்துடலாம்.”

அறையில் ஒரு பதற்றம் ஓடியது. ஸொன்கா அம்மையார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “என்ன பேச்சு பேசற மின்ச்சோ? ஒவ்வொண்ணும் ஒருத்தரோட உடம்பு, உசிரு. என் பூனையோடது வேற இருக்கு.”

அவிழ்க்கக் கூடாது என்று விதியும் சொன்னது, வழக்கமும் சொன்னது. லிபாவெட்ஸ் வரலாற்றில் சட்டமும் ஜனங்களும் ஒத்துப்போன முதல் நாள் அதுதான்.

தொலைபேசி பேசியது. “சிவப்பு என்றால் வெட்டு. வெள்ளை என்றால் வை. இரண்டு உத்தரவும் செல்லும். ஆகவே இரண்டையும் நிறைவேற்ற வேண்டும். பாதியை வெட்டுங்கள், பாதியை வையுங்கள்.”

“எந்தப் பாதி டாக்டர்?”

“கீழ்ப் பாதியை வெட்டினால் மேல் பாதி நிற்காது. விஞ்ஞானம் அதை ஒப்புக்கொள்வதில்லை.”

மேல் பாதி என்று முடிவாயிற்று. துணை மேயர் வழக்கம்போல முறைப்படி கேட்டார். “ஏதாவது தடை இருக்கா?”

ராடோய் எழுந்தார். இதற்காகவே முந்தைய அரைமணி நேரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். நைந்த கயிற்றோடு முப்பத்தொரு மரம் ஏற முடியாது, ஆகவே வேலை நடக்காது, ஆகவே மரங்கள் நிற்கும். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கயிற்றால் ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிறது.

“கயிறு சார்…” என்றார்.

“அட, மறந்தே போச்சு!” துணை மேயர் அலமாரியைத் திறந்தார். “அவசர நிலைமைன்னா வேற தலைப்பு. மாகாண அலுவலகத்துலருந்து காலையிலயே வந்தாச்சு.”

புதுக் கயிறு. அறுபது மீட்டர். வெள்ளையில் சிவப்பு இழை ஓடியது. ராடோய் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். விரலால் நெருடிப் பார்த்தார். ஒரு இடத்தில்கூட நைவில்லை. மூன்று வருஷம் காத்திருந்த பொருள் கைக்கு வந்ததும், எதைத் தடுக்க எழுந்து நின்றோம் என்பது அவருக்கு மறந்தே போனது.

“தடை இல்லைன்னு எழுதிக்கோங்க மேடம்,” என்றார் துணை மேயர்.

கயிறு அருமையாக வேலை செய்தது. ராடோய் இவ்வளவு சந்தோஷமாக எப்போதும் மரம் ஏறியதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கடைசி மரத்திலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் சதுக்கத்தில் முப்பத்தொரு முளைக்கம்புகள் நிற்பது தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கயிற்றைச் சுருட்டி, பையில் கிடந்த வெள்ளை நூலால் அழகாகக் கட்டி, ஆணியில் மாட்டினார். நைந்த பழைய கயிற்றைத் தூக்கிப் போட்டார்.

ஊர் கொண்டாடியது. ரய்னாவின் பலகை ரயில் நிலையத்திலிருந்தே தெரிந்தது. மருந்துக்கடைக்காரரின் கார் பளபளத்தது. ஆசிரியர் நிம்மதியாக வயிறெரிந்தார். ஈஸ்டருக்கு முன் அடிமரங்களுக்கு வழக்கம்போல வெள்ளையடித்தார்கள். “சுத்தமா இருக்கு, ஐரோப்பா மாதிரி இருக்கு,” என்றார்கள், ஐரோப்பாவிலேயே குடியிருந்தவர்கள்.

பிறகு ஜூலை வந்தது.

அந்த வருஷம் லிபாப் பூ இல்லை, பூத் தேநீர் இல்லை. ரய்னாவின் பலகை பளிச்சென்று தெரிந்தது. அதன் கீழே உட்கார ஆள் இல்லை. மருந்துக்கடைக்காரர் காரின் கதவைத் துணி சுற்றித்தான் திறக்க முடிந்தது. ஆசிரியர் சன்னலை மூடித் திரை போட்டுவிட்டார். சதுக்கத்தைக் கடந்தவர்கள் ராடோயைப் பார்த்தால், “என்ன அண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்களே?” என்றார்கள். பனிட்சா கொடுத்தவளும் அதையே கேட்டாள்.

அப்போதுதான் பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு லிபா மரம் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். முழு மரம். நாற்றத்துக்குப் பயந்து டாக்டர் அந்தப் பக்கம் போகவில்லை, மார்தெனிட்சா கட்டவும் யாரும் போகவில்லை. ஊரில் எல்லாவற்றையும் எண்ணுகிற ராடோயும் அதை எண்ணவில்லை. அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்தான்.

நண்பகலில் ஊரே அங்கே கூடியது. துணை மேயரின் நாற்காலி அடிமரத்தை ஒட்டி, ஸொன்கா அம்மையாருடையது அடுத்து, அப்படியே பதவி வரிசையில். ராடோயும் மின்ச்சோவும் நிழலின் விளிம்பில் நின்றார்கள். சூரியன் நகர்ந்தால் அவர்களும் நகர வேண்டும். ரய்னா ஐரான் மோரைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தாள்.

துணை மேயர் ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “இந்த மரத்துல நூலையே காணோமே?”

“இது கணக்குலயே இல்ல சார்,” என்றார் ஸொன்கா அம்மையார்.

“கணக்குல இல்லாத மரத்து நிழல்ல நகராட்சி உட்காரலாமா?”

சிலர் நாற்காலியை அரை அடி வெளியே நகர்த்தினார்கள். வெயில் சுட்டது, திரும்ப உள்ளே வந்தார்கள்.

“வெள்ளை கட்டிடுங்க,” என்றார் துணை மேயர். “இதையாவது காப்பாத்துவோம்.”

“வெள்ளை தீர்ந்துபோச்சு சார். சிவப்பு மட்டும் முழு உருண்டை இருக்கு.”

கூட்டம் ஆடிப்போயிற்று. அப்போது யாரும் கேட்காமலே ஒரு குரல் எழுந்தது. பேசியது தான்தான் என்று தெரிய ராடோய்க்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

“எங்கிட்ட இருக்கு! ஒரு துண்டு. யாரும் எதுவும் பண்ணிடாதீங்க, வந்துட்டேன்!”

அறுபத்திரண்டு வயது மனிதர் கொளுத்தும் வெயிலில், இலையில்லாத சதுக்கத்தின் குறுக்கே ஓடினார். வழியில் எதையும் எண்ணவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, ஆணியில் தொங்கிய கயிற்றிலிருந்து வெள்ளை நூலை உருவினார். கயிறு அவிழ்ந்து தரையில் விழுந்தது. அப்படியே போட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தார்.

மரத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“யாரு… யாரு கட்டினது?”

“நான்தான்,” என்றார் ஸொன்கா அம்மையார். “அடையாளம் இல்லாம ஒரு மரம் நிக்கக் கூடாதுன்னு சார் சொன்னார். கையில சிவப்புதான் இருந்தது. நீங்க வர்ற வரைக்கும் தற்காலிகமா கட்டினேன்.”

“அப்போ அவிழ்த்துடுங்க மேடம்!”

“ஐயோ அண்ணே,” என்றாள் ரய்னா, “கட்டினதை அவிழ்க்கச் சொல்றீங்களே, யார் உடம்புக்கு வர்றதுக்கு?”

மின்ச்சோ எல்லோர் முகத்தையும் பார்த்தான். “அது மார்தெனிட்சாகூட இல்லையே! வெறும் நூலு!”

யாரும் கையை நீட்டவில்லை. ராடோய் நீட்டினார். பாதி தூரம் போன கை, நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. துணை மேயர் அந்தக் கையிலிருந்து வெள்ளை நூலை வாங்கி, சிவப்புக்குப் பக்கத்தில் தானே கட்டினார். ராடோய் ஓடிய ஓட்டம் வீணாகக் கூடாது என்றார்.

இப்போது இரண்டும் இருந்தது. எல்லோருக்கும் விதி தெரியும். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்கள்.

“வருத்தப்படாதீங்க,” என்று துணை மேயர் ஊராருக்கு ஆறுதல் சொன்னார். “சதுக்கத்துல முப்பத்தொண்ணு, இது ஒண்ணு, ஆக முப்பத்திரண்டு அரை மரம். அரையும் அரையும் சேர்ந்தா ஒண்ணு. ராடோய், நீங்கதான் கணக்குல புலி. முழு மரம் எத்தனை காப்பாத்தியிருக்கோம்?”

நாற்பது பேரும் அவரையே பார்த்தார்கள். ராடோய் மேலே பார்த்தார், இலைகளை எண்ணத் தொடங்கினார், நிறுத்திக்கொண்டார். வீட்டில் கயிறு ஏற்கெனவே அவிழ்ந்து தயாராகக் கிடந்தது.

“பதினாறு சார்.”