கடி மாஸ்டர் பல் கட்டிய கதை

செகந்திராபாத்தில் வேலை போய் ஊர் திரும்பிய பையன்களைவிட, கடி மாஸ்டரின் ஜோக் தாங்காமல் மெஸ் மாறிய பையன்கள் அதிகம்.

மாரெட்பள்ளியில் அவருடைய மெஸ். கம்ப்யூட்டர் வேலைக்கென்று மதுரை, திருச்சி, கோவையிலிருந்து பையன்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நானும் இறங்கினேன். படிப்பு எட்டாவதோடு நின்றிருந்ததால் நேராகச் சாம்பார் வாளியைத் தூக்கினேன். சாப்பாட்டு மேஜையே படுக்கை. மேலே மின்விசிறி இருந்தது. குறை ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஒரு பையன் ரசத்தில் பூச்சி கிடக்கிறது என்று தட்டைத் தள்ளினான். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இதுக்கு ஒங்க ஆபீஸ்ல 'பக்'குன்னுல்ல பேரு? சரி பண்ணத்தானப்பா ஒனக்குச் சம்பளம் தர்றாய்ங்க" என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

சிரிப்பு வந்தால் துண்டு மேலே போய்விடும். வாயில் மிச்சமிருந்தவை வெறும் தேய்ந்த கட்டைகள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைக்கிற ஆசாமி அவர். அடுத்த மேஜையில் படுத்திருக்கும் எனக்கு, யாரோ கிரைண்டரை அணைக்க மறந்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

ஐம்பது வயதுவரை இது அவருக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. பிறகு சரோஜா வந்தார். லோத்குண்டாவிலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டரில் தோசைமாவு கொண்டுவருவார். கணவரை இழந்தவர். அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அவர் பேச்சில் தெலுங்கு பாதி, தமிழ் கால், மீதி ஹைதராபாத் ஹிந்தி; ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. மாஸ்டர் என்ன ஜோக் சொன்னாலும் மாவு அளப்பதிலேயே கண்ணாக இருப்பார்.

அவரிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க வேண்டும். துண்டுக்குள்ளிருந்து கேட்கிற கேள்வியா அது? வாய் முழுக்கப் பல் கட்டிக்கொள்வது என்று மாஸ்டர் முடிவெடுத்தார்.

பேகம்பேட்டில் ஒரு நாகர்கோவில்காரப் பல் டாக்டரம்மா. துணைக்கு நான் போனேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், ஒங்க கடி சரியில்ல" என்றார்.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "நான் இன்னும் ஒண்ணுகூடச் சொல்லலயேம்மா" என்றார்.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருகிற விதத்துக்கு அவர்கள் தொழிலில் கடி என்று பெயராம். முதலில் ஈறு ஆற வேண்டும், காப்பாற்ற முடிகிற பல்லைக் காப்பாற்ற வேண்டும், தாடை நோகாத உயரம் எது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு தற்காலிகப் பல். அதைச் சில மாதம் மாட்டித் தின்று, பேசி, தூங்கிப் பார்த்து, குறை இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். நிரந்தரப் பல்லை ஒட்டிய பிறகு சொன்னால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வாசகர்களில் யாராவது வாய் முழுக்கக் கட்டுகிற யோசனையில் இருந்தால் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் எதையும் காதில் வாங்கவில்லை.

தற்காலிகப் பல் வந்தது. கொஞ்ச நாள் சாம்பார் ஷாம்பாராகவும் சரோஜா ஷரோஜாவாகவும் இருந்தார்கள். நாக்கு வழிக்கு வந்த ஒரு காலையில் மாஸ்டர் துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சரோஜாவின் பாஷையிலேயே கேட்பதுதான் மரியாதை என்று நினைத்து, கல்லாவில் நின்றபடி தெலுங்கில், "நா பள்ளு எலா உன்னாயி?" என்றார். என் பல் எப்படி இருக்கிறது என்று அர்த்தம்.

சரோஜா நிமிர்ந்து பார்த்தார். "பச்சையா இருக்கு மாஸ்டர். இப்ப யாருக்கும் குடுக்க நக்கோ. சாக்குப் போட்டு மூடுங்க, ரெண்டு நாள்ல மஞ்சளாயிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

துண்டு மறுபடி வாய்க்கு ஏறியது. அதற்கப்புறம் ஒரு ஜோக்கும் இல்லை. பையன்கள் பயந்துபோய், மாஸ்டருக்கு உடம்புக்கு என்ன என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

டாக்டரிடம் போனதும் மாஸ்டர், "கழட்டிருங்கம்மா. பச்சையா இருக்காம். சாக்குப் போடணுமாம்" என்றார். டாக்டர் லைட் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடினார். பச்சை எதுவும் இல்லை. சொன்னது யார், நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார். மாஸ்டரின் தெலுங்கைக் கேட்டதும் லைட்டை அணைத்துவிட்டார்.

"மாஸ்டர், ஒங்க தலைக்கு மேல வாழக்கொல ஏதும் தொங்குதா?"

தொங்கியது. சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு பழம் தருவோம். தார் கல்லாவுக்கு மேலேதான் இருக்கும். தெலுங்கில் பற்களும் பள்ளு, பழங்களும் பள்ளு.

மறுநாள் சரோஜா வருவதற்கு முன்பே தாரை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார் மாஸ்டர். இந்த முறை தமிழ்தான். "நான் கேட்டது என் வாயில இருக்கிறதப் பத்தி. அது நல்லாருந்தா, ஒங்களக் கட்டிக்கிறலாமான்னு கேக்கணும்" என்றார்.

சரோஜா அவர் வாயைப் பார்த்தார். காலியாக இருந்த கொக்கியைப் பார்த்தார். தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மாவு டின்மேலேயே உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹவ், கட்டிக்கலாம். ஆனா தெலுங்கு மட்டும் பேச நக்கோ" என்றார்.

நிரந்தரப் பல் ஒட்டிய மறுவாரம் கல்யாணம். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பல்லில் ஒன்றைக்கூட வெளியே காட்டாமல், மாஸ்டர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அழுதுவிட்டார். அப்படியே படத்தில் விழுந்திருக்கிறார்.

ஊர் ஊராக மாறியதில் என் சாமான்களில் பாதி தொலைந்துவிட்டது. அந்தப் படத்தை மட்டும் நான் தொலையவிட்டதில்லை.