சகலை வைத்த சிவப்புப் புள்ளி

நிம்மதியாக இருக்கும் மனிதனின் நிம்மதியைக் கெடுக்கப் பெரிய சதியெல்லாம் தேவையில்லை. அவன் மனைவிக்கு ஒரு தங்கை இருந்தால் போதும். அந்தத் தங்கைக்கு ஒருநாள் கல்யாணம் ஆகும். ஒரு சகலை வந்து சேருவான்.

எனக்கு வந்து சேர்ந்தவன் பெயர் அமல்ராஜ். வத்தலக்குண்டில் பேங்க் வேலை. ஆள் நல்லவன். (இதுதான் முதல் பிரச்சினை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.) மாமனார் வீட்டு மிக்சி நின்றால் அமல், மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் அமல், டி.வி.யில் படம் வராவிட்டால் அமல். நானும் மருமகன்தான், அதுவும் மூத்த மருமகன். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த வீட்டில் என்னிடம் இதுவரை கேட்கப்பட்ட ஒரே உதவி, "மாப்ளே, செத்த அந்த லைட்ட அமத்துங்க" என்பதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் என்னை அசைக்க ஆளில்லை. அகரத்தில் இருக்கும் என் மாமனாரிடம் ஒரு பழைய கார் உண்டு. அந்த வீட்டுக் கல்யாணப் பெண் திண்டுக்கல் மாதா கோயிலுக்குப் போவது அந்தக் காரில்தான். ஓட்டுவது மூத்த மருமகன்தான். அமலின் கல்யாணத்துக்கே அவன் பெண்டாட்டியைக் கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கியவன் நான். அன்றைக்கு அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அதை நான் அவனுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவது வழக்கம்.

கடைசிக் கொழுந்தியாள் மெர்சியின் கல்யாணம் வந்தது. அதற்கு முதல் நாள் காலையில் வாழை இலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வீட்டு வாசலுக்கு நேராக, என் கையிலேயே கார் படக்கென்று நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் எஞ்சின் வெறுமனே சுற்றியது, பிடிக்கவில்லை.

அமல் வந்து பானெட்டைத் திறந்தான். அவன் எதையும் திறக்கும் விதமே எனக்குப் பிடிக்காது, முதல் தடவையிலேயே திறந்துவிடும். பக்கத்துக் கவரைக் கழற்றி, கறுப்பாக எதையோ பாம்பு மாதிரி இழுத்து வெளியே போட்டான்.

"டைமிங் பெல்ட்டு அறுந்து போச்சுண்ணே. நல்லவேளை, இந்தப் பழைய எஞ்சின்ல பெல்ட்டு அறுந்தாலும் உள்ள ஒண்ணும் அடிபடாது. புதுசு மாட்டுனா ஓடும்."

மெக்கானிக்குக்குப் போன் போட்டால், அவர் மச்சான் வீட்டு விசேஷத்துக்காகப் பழனிக்குப் போயிருந்தார். மாமனார் முகம் வாடிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. இல்லாட்டி அமலோட புதுக் கார்லயே பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவோம். அவரே ஓட்டட்டும்."

எனக்கு வயிறு எரிந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. (காலையில் சாப்பிட்ட பணியாரத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம்.) லைட்டு அமர்த்துகிற வேலையைத் தவிர எனக்கிருந்த ஒரே உத்தியோகமும் போகப்போகிறது.

"புது பெல்ட்ட நான் வாங்கியாரேன். நம்மளே மாட்டுவோம்" என்றேன். என் வாய் சொன்னதை என் காது நம்பவில்லை.

திண்டுக்கல்லுக்கு பைக்கில் போய் பெல்ட் வாங்கி வந்தேன். அதற்குள் அமல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான். மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டையும் சேர்த்து ஓட்டுவது பெல்ட். இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு குறி இருக்கிறது. அவற்றுக்கு நேராக எஞ்சின் உடம்பிலும் குறி இருக்கிறது. குறியும் குறியும் நேராக நின்ற பிறகுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் எஞ்சினுக்குக் கோளாறு. இவ்வளவையும் அமல் பொறுமையாக எனக்கு விளக்கினான். கணக்கு வாத்தியாருக்கு!

குறிகள் மங்கலாக இருந்தன. "மதினி, நெயில் பாலிஷ் இருந்தாத் தாங்களேன்" என்று என் மனைவி ஜெசிந்தாவிடம் கேட்டான். அவள் கல்யாணத்துக்கென்றே வாங்கியிருந்த ரத்தச் சிவப்பு பாட்டிலை உடனே நீட்டினாள். அதற்கு முந்தின மாதம் நான் மூக்குக்கண்ணாடி ஸ்குரூ இறுக அதே மாதிரி ஒரு சொட்டுக் கேட்டபோது, "அது விலை என்னன்னு தெரியுமா?" என்றவள் அவள்.

அமல் அழகாகப் புள்ளி வைத்தான். மாமனார் குனிந்து பார்த்தார். "கோலப்புள்ளி கணக்கா எம்புட்டு சுத்தமா வச்சிருக்காரு பாருங்க. அமல் கை வச்சா தப்பாது."

அந்த நேரம் பந்தல்காரர் அமலைக் கூப்பிட்டார். (பந்தலுக்கும் அமல்தான்.) "பெல்ட்ட மட்டும் புள்ளிக்கு நேரா மாட்டி, டைட் பண்ணிருங்கண்ணே. செத்த நேரத்துல வாரேன்" என்று போய்விட்டான்.

நானும் அந்தச் சிவப்புப் புள்ளிகளும் தனியாக இருந்தோம். கார் ஓடினால் யாருக்குப் பெயர்? புள்ளி வைத்தவனுக்கு. நாளைக்கு நான் ஓட்டினாலும் அமல் சரிசெய்த காரில் போகும் டிரைவர்தான். மேல் சக்கரத்தை உற்றுப் பார்த்தேன். அவன் புள்ளிக்கு இரண்டு பல் தள்ளி, பளிச்சென்று ஒரு கீறல் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் நிஜமான குறி என்று எனக்குத் தோன்றியது. பேங்க்கில் வேலை பார்ப்பவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

ஈரமாக இருந்த அவன் புள்ளியைக் கட்டைவிரலால் அழித்தேன். கீறலைக் குறிக்கு நேராக நிறுத்தினேன். பெல்ட்டை மாட்டி, இறுக்கி, அவன் வருவதற்குள் கவரையும் மூடிவிட்டேன்.

சாவியைத் திருகியதும் எஞ்சின் இருமிற்று, உதறிற்று, ஓடிற்று. வீடே கை தட்டியது. "ஏயப்பா! மூத்த மாப்ள கை வச்சிட்டாருல்ல!" என்றார் மாமனார். எட்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் பாராட்டு அது. அமல் மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"லேசா உதறுதேண்ணே."

"புது பெல்ட்டு தம்பி. பழகணும்ல?"

அப்போதுதான் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம், நகத்தைச் சுற்றி, ரேகை எல்லாம் சிவப்பு, காய்ந்துவிட்டது. சோப்பு, மண்ணெண்ணெய், பெட்ரோல், சொரசொரப்பான சுவர் எதற்கும் மசியவில்லை. அதை அழிக்கிற மருந்து ஜெசிந்தாவின் பையில் இருந்தது. கேட்டால் "எதுக்கு?" என்பாள்.

மறுநாள் காலை, விரலை மடக்கிக்கொண்டே ஸ்டியரிங் பிடித்தேன். முன்னால் மாமனார், பின்னால் மெர்சியும் ஜெசிந்தாவும். கார் கிளம்பியது. வேகம் மட்டும் வரவில்லை. எவ்வளவு மிதித்தாலும் உறுமியதே தவிர நகரவில்லை. கோழித் தீவனம் ஏற்றிய டி.வி.எஸ். ஒன்று எங்களைத் தாண்டியது. அடுத்து ஒரு சைக்கிள் தாண்டியது. ஓட்டியவர் திரும்பி மணப்பெண்ணைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

தாடிக்கொம்பு தாண்டியதும் காருக்கு அடியில் டமாரென்று வெடித்தது. ரோட்டோரத்தில் நின்றவர்கள் கல்யாண வெடி என்று நினைத்துச் சிரித்தார்கள். இரண்டாவது டமாரில் கார் நின்றேவிட்டது.

"மச்சான், பூசைக்கு நேரமாச்சு!" என்று மெர்சி அழ ஆரம்பித்தாள். அவள் கண்மை கரைவதைப் பார்த்தபோது எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பின்னாலேயே வந்த அமலின் புதுக் கார் நின்றது. அவன் இறங்கி வந்து கதவைத் திறந்தான். மெர்சியை ஏற்றினான், மாமனாரை ஏற்றினான். நானும் ஜெசிந்தாவும் பின் சீட்டில் அடைந்துகொண்டோம். என் மடியில் பூமாலைக் கூடை. ஏ.சி. ஜில்லென்று இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சரியான நேரத்துக்குக் கோயில் வாசலில் அமல் பெண்ணை இறக்கினான். மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். போகட்டும், புள்ளி விஷயமாவது யாருக்கும் தெரியாதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாமனார் பக்கத்தில் நின்றேன்.

நற்செய்தி வாசகம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய கை; என்னைக் கேட்கவா செய்யும்? கட்டைவிரல் தானாக நீண்டு நெற்றியில் ஒரு சிலுவை, உதட்டில் ஒரு சிலுவை, நெஞ்சில் ஒரு சிலுவை போட்டது.

"மாப்ளே! ரத்தம்!" என்றார் மாமனார். அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. சாமியார் வாசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஜெசிந்தா பதறிப்போய் என் விரலைப் பிடித்தாள். என் நகத்தைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த தன் நகத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே சிவப்பு. அந்த பாட்டில் அந்த வீட்டில் எதற்கெல்லாம் திறக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா?

"புள்ளிய அழிச்சீங்களா?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பின் பெஞ்சில் அமலுக்கு இருமல் வந்தது. இருமியபடியே வெளியே போனான். கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பு பீடம் வரை கேட்டது.

விருந்து முடிந்ததும் அவனே ரோட்டோரம் போய், பெல்ட்டைக் கழற்றி, மறுபடி புள்ளி வைத்து, அதற்கு நேராக மாட்டி, காரை ஓட்டிக்கொண்டு வந்தான். இன்றும் அது ஓடுகிறது. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் எனக்கு எந்த வேலை கொடுப்பதாக இருந்தாலும், "மாப்ளே, முதல்ல வெரலக் காட்டுங்க" என்ற பிறகுதான் கொடுக்கிறார்கள். லைட்டு அமர்த்துவதற்குக்கூட.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. ஒவ்வொரு விசேஷத்திலும் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி அமலைத்தான் கேட்கிறார்கள். டமார் சத்தம், சாமியார் முழி எல்லாவற்றையும் அவன் செய்து காட்டுவான். பந்தி மொத்தமும் குலுங்கும். விரல் என்னுடையது, அவமானம் என்னுடையது, பெயர் அவனுக்கு!

அதனால்தான் அவனை முந்திக்கொண்டு நானே உட்கார்ந்து இதை எழுதினேன். போன ஞாயிறு மாமனாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார். "ஆனா இத அமல் சொல்லணும்."