எண்ணூறு சதவீதக் காது

பெரிதாக்கிப் பார்ப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். பெயர் கோபிநாத். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில், சினிமாக் காட்சிகளிலிருந்து ஆட்களை மட்டும் ஓரம் பிடித்துப் பிரித்தெடுப்பது எங்கள் தொழில். பிரித்துக் கொடுத்தால், பின்னால் கடலையோ மலையையோ வேறு யாராவது வைத்துக்கொள்வார்கள். பிரித்த ஓரத்தில் பிசிறு இருக்கும். சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் சுத்தம் செய்வோம். கோபிநாத் தவம் செய்வார்.

படத்தை எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூக்கு திரையில் ஒட்டும்படி குனிந்து, ஆறிய டீயில் ஆடை படிய, ஒரு காதின் விளிம்பைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, நகர்த்தியதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, பெருமூச்சு விட்டு, அடுத்த ஃபிரேமுக்குப் போவார். மூன்று விநாடிக் காட்சி. எழுபத்திரண்டு ஃபிரேம். மூன்று நாள். முடிந்ததா? கேட்டுப் பாருங்கள்.

“காது ஓரம் கொஞ்சம் மிச்சம் கீது.”

அந்தக் காட்சி மாலை ஐந்துக்குள் போயாக வேண்டும். வாங்குபவர்கள் சரி என்று சொன்னால்தான் அவருடைய ஆறு மாதத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். நாலே முக்காலுக்கு மேற்பார்வையாளர் ஷஹீன் பானு வந்து நின்றார்.

“இன்னா கோபி, ஓட்டிக் காட்டு.”

“ஒவ்வொரு ஃபிரேமா பாருங்க மேடம். அப்டியே கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“ஜனங்க நிறுத்தி நிறுத்தியா படம் பாக்கறாங்க? ஓட்டுப்பா.”

ஓட்டினார். தனித்தனியே ஒரு குறையும் இல்லாத எழுபத்திரண்டு காதுகளும் ஒன்றுசேர்ந்து படபடவென்று துடித்தன.

“பறந்துடப் போவுது, புடிச்சுக்கோ தோஸ்த்” என்றார் பக்கத்து மேசை சுஹேல் அகமது.

“அஞ்சு ஃபிரேம்ல மட்டும் நீ போட்ட ஓரத்த வெச்சுக்கோ. மீதிய அழி. நடுவுல இருக்கறத சாஃப்ட்வேரே பாத்துக்கும்” என்றார் ஷஹீன் பானு.

“மூணு நாள் வேலை மேடம்...”

“ஆறு மாச வேலையே போய்டும். அழி.”

கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். மறுபடி ஓட்டியபோது காது தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கோபிநாத் நாற்காலியைப் பின்னால் தள்ளி, முதல் முறையாக முழுப் படத்தையும் பார்த்தார்.

“மேடம்... இவரு அழுவுறாரா?”

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது காட்சி போனது. மறுநாள் சரி என்று பதில் வந்தது. வேலையும் நிலைத்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. பட்டமளிப்பு விழாவில் நீங்கள் எடுத்துக்கொண்ட படம் கைப்பேசியில் இருக்கும். வந்தவுடன் அதை இரண்டு விரலால் விரித்து எதைத் தேடினீர்கள்? கறுப்பு அங்கி தோளில் ஒழுங்காக நிற்கிறதா என்றுதானே? பக்கத்தில் உங்கள் அப்பா நின்றாரே, அவர் முகம் எப்படி இருந்தது?

கேட்பது சுலபம். என்னைத் திருப்பிக் கேட்டால், என் அங்கி மடிப்புக் கலையாமல் இருந்தது என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்வேன்.