தேர்ச்சக்கரம் தானாக என் கைக்கு வந்தது

மத்தேரா, செப்டம்பர் 9

என் அக்கா மகனும், சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து, ஊர் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை மேய்ப்பவனுமான தொனாத்தோவுக்கு, உன் மாமா நூன்சியோ எழுதுவது. நீ நலம் என்று தெரியும், குரல் நன்றாகக் கேட்டது. நான் நலமில்லை. போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, என் வீட்டு வாசலில் வைத்து, முப்பத்தொரு பேர் முன்னால் என்னைத் திருடன் என்று சொன்னாய்.

ஜன்னல் சாத்தியிருந்ததால் நான் வீட்டில் இல்லை என்று நினைத்திருப்பாய். இருந்தேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். "இந்த வீட்டுக்குள்ளதாங்க சக்கரவர்த்தியோட தேர்ச்சக்கரம் இருக்கு. ஷூட்டிங் நடக்கும்போதே லவட்டிட்டாரு. வெளிய சொல்லிடாதீங்க, எங்க மாமாதான்" என்றாய். பத்தடி தள்ளி, பாறையில் குடைந்த கோயிலில், எண்ணூறு வருடமாக மாதா சுவரில் நிற்கிறாள். அவளைப் பார்க்க ஒரு கழுத்தும் திரும்பவில்லை. கொடியில் காய்ந்த என் கால்சட்டையைப் பதினொரு பேர் படம் எடுத்தார்கள். நியாயம் கேட்கப் பனியனோடு வெளியே வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள்! பொலோஞாவிலிருந்து வந்த ஒரு அம்மாள், "ஐயா, திருடுற மாதிரி ஒரு தடவை முழிங்களேன்" என்கிறாள். நான் முழிக்கவில்லை. படத்தில் அப்படித் தெரிந்தால் அது வெயில்.

நடந்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது மிலானில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தாய். ஆறு வருடம் முன்பு, புரூனா மாதா திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் படக்காரர்கள் வந்தார்கள். வழக்கம்போல் படத்தில் நம் ஊர்தான் எருசலேம். பக்கத்து வீட்டுச் சவேரியோவுக்கு ரோமானியச் சிப்பாய் வேஷம், எனக்குக் குருட்டுப் பிச்சைக்காரன் வேஷம். கண்ணை மூடு என்றார் இயக்குநர், காலை ஏழு மணிக்கே மூடிவிட்டேன். சக்கரவர்த்தியின் தேரைச் செய்தது யார்? வருடா வருடம் மாதாவுக்குக் காகிதக்கூழில் தேர் செய்கிற அதே ஆட்கள். இழுத்தவை அதே கோவேறு கழுதைகள். அதே சதுக்கம், அதே ஊர் வாத்தியக்காரர்கள். கண்ணை மூடி நிற்கிற மத்தேராக்காரனுக்குக் குளம்புச் சத்தம் கேட்கிறது, கொம்பு ஊதுகிறது, பசையும் காகிதமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது. திருவிழாவன்று காகிதத் தேர் சதுக்கத்துக்குள் வந்தால் பாய்ந்து பிய்க்க வேண்டும், ஒரு துண்டாவது வீட்டுக்குக் கொண்டுபோனால் வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்று எழுபது வருடம் பழகிய கால் சும்மா நிற்குமா? "பிய்ங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, என் கண் மூடியிருந்தது. திறந்து பார்த்தால், தேரைக் காவல் காக்க வேண்டிய சிப்பாய்களே ஈட்டியை எறிந்துவிட்டுத் தேர்மேல் ஏறியிருக்கிறார்கள். முன்பக்கத்துக் காகிதக் குதிரையின் வாலைச் சவேரியோ பிடுங்குகிறான். "ஐயோ, நான் நெஜ ஆளுய்யா, என்னைப் பிய்க்காதீங்கய்யா!" என்று சக்கரவர்த்தி அலறுகிறார். இயக்குநர் நாற்காலிமேல் ஏறி இரண்டு கையையும் ஆட்டினார். திருவிழாவில் பங்குச் சாமியாரும் அப்படித்தான் ஆட்டுவார், அதற்காக இந்த ஊரில் யாரும் நிறுத்தியதில்லை. ஐந்தே நிமிடம். கழுதைகள் மட்டும் நின்றன. சக்கரம் என் கையில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை, வந்தது.

கடைசியில் அந்தக் காட்சியைத்தான் படத்தில் வைத்தார்கள். மக்கள் எழுச்சி என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. எழுச்சியில் முதல் ஆளாகப் பாய்கிற குருடன் திருடனா?

உன்னால் எனக்கு என்ன நடக்கிறது, கேள். முடிதிருத்தும் கடையில் நுழைந்தால், "நூன்சியோ வர்றாரு, சீப்பையெல்லாம் எண்ணிக்கோங்கப்பா" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுத்த சாமியார், உடனே தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த திருவிழாவில் மாதாவின் கொடியை நான் தூக்குவதாக இருந்தது. இருபது வருடமாகக் காத்திருந்த கொடி அது. இப்போது யோசிக்கிறார்களாம்.

ஆகையால் உன் கூட்டம் இனி என் வாசலில் நிற்கக் கூடாது. சாமியாரிடம் நீயே போய் என் மாமா யோக்கியர் என்று சொல்ல வேண்டும். மாதா உன் குடையைக் காற்றிலிருந்தும், என் மானத்தை உன் நாக்கிலிருந்தும் காப்பாற்றட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பு.

உன் மாமா,
நூன்சியோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று பதினொரு மணி ஆகிவிட்டது. நீ என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தைச் சவேரியோ வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாய். கேட்டால் உன் அத்தை, "நான்தான் போன் போட்டு நிக்க வேணாம்னு சொன்னேன். ஒரு வாரமா நீங்கதானே குதிச்சீங்க? இப்ப எதுக்கு சக்கரத்தைத் தொடைச்சு வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறீங்க?" என்கிறாள். அங்கே சவேரியோ குதிரை வாலை ஆட்டி, "மொதல்ல கத்துனதே நான்தாங்க!" என்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அண்டப் புளுகு! முதலில் கத்தியது நான். அதற்கு முன்பே ஒரு கண்ணைத் திறந்தும் விட்டேன். எனவே மேலே எழுதியதை விட்டுவிடு. நாளை நீ கூட்டத்தை நேராக இங்கே கொண்டுவந்து, முதல் திருடன் என் மாமாதான் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சவேரியோ வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போக வேண்டும். கொடியைத் தூக்கச் சாமியார் வேறு யோக்கியனைத் தேடிக்கொள்ள வேண்டும். உன் அத்தை அந்தக் கால்சட்டையை மறுபடி நனைத்துத் துணிக்கொடியில் போட வேண்டும்.